தேசப் படத்தில் ஒரு கரிய திட்டு



1887-ஆம் ஆண்டில் ஆல்பெர் பெத்தானியே என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரு பள்ளிக்கூடத்து அறையைச் சித்திரமாகத் தீட்டினார். சுவரில் பிரான்ஸ் தேசப் படம் தொங்குகிறது. அதன் கிழக்கோரத்தில் கறுப்பாகக் கிடக்கும் ஒரு திட்டை உபாத்தியாயர் கோலால் சுட்டிக் காட்ட, சீருடை தரித்த ஒரு சிறுவன் எதிரே நிற்கிறான். 1871-இல் போரில் வென்று ஜெர்மனி பறித்துக்கொண்ட அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியுமே அந்தத் திட்டு. அந்தச் சித்திரம் தீட்டப்பட்டபோது பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 1914-இல் முப்பத்தேழு வயது. முதல் உலக யுத்தம் அவனையும் அழைத்தது.

தோற்ற பிரான்ஸின் வெர்சேல்ஸ் அரண்மனையில், கண்ணாடி மண்டபத்தில், 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனம் செய்யப்பட்டது. அதே மண்டபத்துக்கு 1919-இல், யுத்தத்தில் வென்ற தரப்பார் ஜெர்மானியரை வரவழைத்துச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். 1918-இல் ஜெர்மனி போர்நிறுத்தத்துக்கு இணங்கிய ரயில் பெட்டியை, 1940-இல் ஹிட்லர் காட்சிசாலையிலிருந்து வெளியே இழுத்து வரச்செய்து, கொம்பியேன் காட்டில் பழைய இடத்திலேயே நிறுத்தி, பிரான்ஸைப் பணியவைத்தார். பழைய அவமானத்தை இம்மி பிசகாமல் திருப்பித் தருவதற்கு இரு தேசங்களும் எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டன என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

பட்ட துன்பத்தை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது மாண்டவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தன் காயத்தை மட்டுமே பாடமாக்கி, அதையே தேசாபிமானம் என்று குழந்தைகளுக்குப் புகட்டும் வகுப்பறையை எண்ணி அஞ்சுகிறேன்.

1963-இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி காலும் மேற்கு ஜெர்மன் சான்சலர் அடினாவரும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டபின், இரு நாட்டு இளைஞர்களும் ஒருவர் தேசத்துக்கு ஒருவர் சென்று பழக ஏற்பாடாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, பெர்லினில் கூடிய இளைஞர் பாராளுமன்றத்தில், மாணவர்கள் இரு தேசத்துக்கும் பொதுவாக ஒரு சரித்திரப் பாடநூல் வேண்டும் என்று கேட்டார்கள். 2006-இல் அதன் முதற்பாகம் வந்தது: ஒரே பாடம், இரண்டு மொழிகளில்; இரு தரப்பாரின் அபிப்பிராயங்கள் வேறுபட்ட இடங்களில், எதையும் மழுப்பாமல், இரண்டையும் தந்திருந்தார்கள்.