லயத்துப் படியும் நம் பெரியவர்களும்
(பதுளைத் தோட்டமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்பது வருடம் செங்குத்து மலையில் கொழுந்து எடுத்த அம்மாயி, ஐப்பசி, கார்த்திகை மழையில் கக்கூசுக்குப் போகும் பாசி பிடித்த படியில் விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. "வயசாகிருச்சு" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடுதலானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

பிரஷர் குளிசை குடிப்பவர் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். சீனி வியாதி பாதத்தை மரத்துப்போகச் செய்யும். கண்ணில் புரை வந்தால் படி தெரியாது. இவற்றைக் கிளினிக்கில் சொல்லுவோம். குளிசையை நாமாக நிறுத்த வேண்டாம்.

படுக்கையில் சற்று உட்கார்ந்த பிறகே எழும்புவோம். டோர்ச்சைத் தலைமாட்டில் வைப்போம். தேய்ந்த செருப்பை மாற்றுவோம். சுவரோரம் கதிரையைப் போட்டு, தினமும் பத்துத் தடவை மெல்ல எழுந்து உட்கார்ந்தால் கால் பலப்படும்.

இவ்வளவும் நம் கையில். ஆனால் லயம் தோட்டத்துச் சொத்து. உடைந்த படி, கைபிடி, விளக்கு ஆகியவற்றுக்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த வாரமே லயம் லயமாகப் பார்த்து எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்போம்.