கூட்டமும் காரியமும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஒன்று சிறு கைநூல் ஒன்றை இரகசியமாக வெளியிட்டது. பகைவர் வசப்பட்ட நாடுகளில் வாழும் சாதாரண மக்கள், வெடிகுண்டும் துப்பாக்கியும் இன்றியே பகைவரின் வேலையை எவ்வாறு கெடுக்கலாம் என்று கற்பிப்பது அதன் நோக்கம். இயந்திரங்களைப் பழுதாக்கும் உபாயங்களோடு, காரியாலயங்களுக்கென்று தனியே சில யோசனைகளும் அதில் உண்டு. எந்த விஷயமாயினும் ஒரு குழுவின் ஆராய்ச்சிக்கு விட்டுவிட வேண்டும். அக்குழுவில் ஐந்து பேருக்குக் குறையலாகாது. சென்ற கூட்டத்தில் முடிவானதை மறுபடி கிளப்ப வேண்டும். நடவடிக்கைக் குறிப்பின் சொற்களைப் பற்றி வாதாட வேண்டும். அவசர வேலை காத்திருக்கும் சமயம் பார்த்துக் கூட்டம் நடத்த வேண்டும். பல்லாண்டு கழித்து இரகசியம் நீங்கிய அந்நூலைப் படிப்பவர் முதலில் நகைப்பர். பிறகு சற்றே சங்கடப்படுவர். பகைவனை முடக்க வகுத்த முறைகளையல்லவா நாம் நல்லெண்ணத்தோடு நம் காரியாலயங்களில் கையாண்டு வருகிறோம்!

நேயர்களே, இதற்குக் காரணம் சோம்பல் அன்று. கூட்டத்தைக் கூட்டுகிறவருக்கு அதன் செலவு கண்ணில் படுவதில்லை என்பதே காரணம். பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், செலவானது ஒரு மணி அன்று, பன்னிரண்டு மணி. அது ஒருவருடைய ஒன்றரை நாள் உழைப்பு. பன்னிரண்டு ரீம் காகிதம் வாங்க மூன்று கையொப்பங்கள் வேண்டியிருக்கிற இடத்தில், பன்னிரண்டு பேருடைய பொழுதை எடுத்துக்கொள்ள ஒரு சுற்றறிக்கை போதுமாயிருக்கிறது.

நஷ்டம் அந்த ஒரு மணியோடு நிற்பதுமில்லை. பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், கணக்கெழுதும் குமாஸ்தா பத்து மணிக்குப் பெரிய வேலை எதையும் தொடங்கமாட்டார். திரும்பி வந்தபின், விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கவே அரைமணி ஆகும். அன்றைய வேலையை மாலையில் விளக்கேற்றிய பின் முடிக்கிறார். வீட்டில் குழந்தை உறங்கிவிடுகிறது. வெளியே தாழ்வாரத்தில், இரண்டு பஸ் மாறி வந்த கிழவர் ஒருவர் மனுவும் கையுமாக நிற்கிறார். “ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்” என்ற பதிலுக்கு மேல்முறையீடு ஏது?

கூட்டங்களில் பேச்சு எங்கே பெருகுகிறது என்பதை, சிங்கப்பூரில் சரித்திரப் பேராசிரியராயிருந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் வெளியான தம் நூலில் வேடிக்கையாக எடுத்துக் காட்டினார். அவர் கற்பனை செய்த நிதிக் குழு, ஒரு கோடி மதிப்புள்ள அணு உலைக்கு இரண்டரை நிமிஷத்தில் அனுமதி அளித்துவிடுகிறது. சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சிற்றுண்டிச் செலவுக்கோ ஒன்றேகால் மணி! அணு உலை யாருக்கும் புரியவில்லை. கொட்டகையும் காப்பியும் எல்லோருக்கும் புரிகின்றன. தாம் வந்திருந்ததற்கு அடையாளமாக ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையேனும் சொல்ல விரும்புவது மனித இயல்பு. அதனைக் குற்றமென்று நான் கூறேன். அவ்வளவு பேரை அழைத்ததுதான் குற்றம்.

பரிகாரம் செய்து பார்த்தவர்களும் உண்டு. கனடா நாட்டு ஷாப்பிஃபை நிறுவனம், 2023 ஜனவரியில், இருவருக்கு மேற்பட்டோர் கூடும் வாடிக்கைக் கூட்டங்கள் அனைத்தையும் நாட்குறிப்பிலிருந்து ஒரேயடியாக நீக்கியது. வேண்டுமென்பவர் சில நாள் பொறுத்து மீண்டும் சேர்க்கலாம் என்று ஏற்பாடு. நாளடைவில் தானாக வளர்ந்துவிட்ட கூட்டம், ‘நான் ஏன் இருக்கிறேன்?’ என்று தன்னையே நிரூபித்துக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்க நிறுவனமான அமேசானில், விஷயத்தை ஆறு பக்கத்துக்குள் எழுதி, கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கம் ஏற்பட்டது. எழுத உட்கார்ந்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். கூட்டமே வேண்டியதில்லை என்று சில சமயம் தெரிந்தும்விடும்.

எனினும் கூட்டங்களை அடியோடு ஒழிக்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தி சொல்வதற்குக் கூட்டம் தேவையில்லை. ஒரு தாள் போதும். ஆனால் இடமாற்ற விதியை மாற்றுவதோ, வேலை நேரத்தைத் திருத்துவதோ போன்றவற்றில், கடைநிலை ஊழியர் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே “இது சரியன்று” என்று சொல்லக்கூடிய இடம் கூட்டம் ஒன்றுதான். அதையும் சிக்கனத்தின் பேரால் எடுத்துவிட்டால், முடிவுகள் கதவடைத்த அறையில் இருவர் மூவரால் செய்யப்படும். ஆகவே வாரந்தோறும் நடக்கும் ஐந்தில் நான்கை நிறுத்துங்கள். எஞ்சிய ஒன்றில் கடைசி நாற்காலியில் இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.