பாவித்த கமரா வில்லையும் அதன் விலையும்



பொன் வாங்குபவர் உரைகல்லை நாடலாம். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். பிறர் பாவித்த கமரா வில்லை ஒன்றை வாங்குபவர் எதனைப் பார்ப்பது? வெளியிலே கறுப்பு வர்ணம் மினுங்கும். கையிலே நல்ல கனமாக இருக்கும். உள்ளே என்ன நேர்ந்திருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும். சில வேளைகளில் அவருக்குந் தெரியாது. இந்த நிலையிலேதான் நம் நாட்டு இளைஞர் பலர், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துத் தம் முதல் வில்லையை வாங்குகின்றனர். திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொள்ள முனையும் ஒருவருக்கு இது பொழுதுபோக்கன்று. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி. மறு புறத்திலே, நீண்ட காலம் படப்பிடிப்பு நிலையம் நடத்திய ஒருவர் மறைந்தபின், அவருடைய அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவற்றுக்கு என்ன விலை கேட்பதென்று அறியாது நிற்கும் குடும்பங்களும் உள. இவ்விரு சாராருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இன்று கூறலாமென எண்ணுகிறேன்.

விலையைப் பேசுமுன் எந்த வில்லை வேண்டுமென்பதைத் தீர்மானித்தல் அவசியம். தேவையில்லாத வில்லையை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது நட்டமே. வில்லையின் மேல் மில்லிமீற்றர்க் கணக்கிற் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதன் குவியத் தூரமாகும். எண் சிறிதாயின் பரந்த காட்சி அகப்படும். பெரிதாயின் தொலைவில் உள்ளது அண்மித்துத் தோன்றும். இவற்றுள் 50 என்னும் எண் தனிப் பெயர் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாப் படச்சுருளைப் பயன்படுத்தும் சிறு கமரா ஒன்றை ஆக்கினார். 1925 ஆம் ஆண்டில் அது லைக்கா என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தது. அதன் படச்சட்டம் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீற்றர். குவியத் தூரம் மூலைவிட்டத்தை அண்மித்திருந்தால் படம் இயல்பான தோற்றத்தைத் தரும் என்பது பொது விதி. லைக்கா 50 மில்லிமீற்றர் வில்லையோடு வந்தது. பின்வந்தோர் பலரும் அவ்வழியே சென்றனர்.

அந்த 50 இன்று பலரை ஏமாற்றுகிறது. தொடக்ககாரர் வாங்கும் கமராக்களிற் பெரும்பாலானவற்றில், படச்சுருளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட உணரி, 36க்கு 24 என்னும் அளவினதன்று, அதனிலும் சிறியது. ஆதலின் 50 மில்லிமீற்றர் வில்லை அங்கே 75 மில்லிமீற்றர் வில்லை போல நடந்துகொள்ளும். கெனோன் கமராவாயின் 80 போல. ஒரு திருமண வீட்டை நினைத்துப் பாருங்கள். மணவறைக்கு முன்னே 3 மீற்றர் தூரத்திற் படம் எடுப்பவர் நிற்கிறார். பின்னே சுவர், ஓரத்திலே நாற்காலிகள், நகர இடமில்லை. அங்கிருந்து 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 1.4 மீற்றர் அகலத்தையே காட்டும். மணமக்கள் ஒருவாறு அடங்குவர். பெற்றோர் வெளியே நிற்பர். 35 மில்லிமீற்றர் வில்லையாயின் 2 மீற்றர் அகலம் கிடைக்கும். 18 மில்லிமீற்றராயின் ஏறக்குறைய 4 மீற்றர். மங்கல நாண் பூட்டும் வேளையில் இந்தக் கணக்கைப் போட நேரம் இராது. வாங்குமுன்னரே போட்டுவிட வேண்டும்.

இன்னும் இலகுவான வழி ஒன்றுண்டு. கமராவோடு வழக்கமாகக் கிடைக்கும் 18 முதல் 55 வரையான வில்லையால் நீங்கள் இதுவரை எடுத்த படங்களைக் கணினியிலே திறவுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டதென்ற குறிப்பும் பதிவாகியிருக்கும். நூறு படங்களை எண்ணிப் பார்த்தாற் போதும், உங்கள் கண் எதனை நாடுகிறது என்பது விளங்கிவிடும். கடைக்காரரின் உபதேசத்திலும் இந்தக் கணக்கையே நான் நம்புவேன்.

அடுத்தது ஒளித் துவாரம். எஃப் 1.8, எஃப் 3.5, எஃப் 5.6 என்றெல்லாம் பொறித்திருப்பது, துவாரம் ஆகக்கூடிய அளவு எவ்வளவு திறக்கும் என்பதை. எண் சிறியதாக இருந்தால் துவாரம் பெரிது. நாம் மேலே கூறிய 18–55 வில்லையை 55க்குத் திருப்பினால் அது பொதுவாக எஃப் 5.6க்கு மேல் திறவாது. எஃப் 1.8 வில்லையோ அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியற்காலை முகூர்த்தத்தில், குத்துவிளக்கின் ஒளியிலும் ஒரு மின்குமிழின் ஒளியிலும் படம் எடுப்பவருக்கு இதன் பொருள் என்ன? முன்னதில் 1/15 செக்கன் தேவைப்படும் இடத்தில், பின்னதில் 1/125 செக்கனே போதும். 1/15 செக்கனில் அசையும் கை மங்கிவிடும். 1/125 இல் பெரும்பாலும் மங்காது. ஆனால் எஃப் 1.8ஐ விட்டு எஃப் 1.4க்குச் செல்வதால் கிடைக்கும் ஒளி ஒன்றரை மடங்கிலும் சற்றே கூடியது. விலையோ பெரும்பாலும் அதனிலும் பன்மடங்கு ஏறும். வருவாய் தொடங்காத ஒருவர் அந்தப் படியை ஏறவேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கூர்மை, கூர்மை என்று அலைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பொகவந்தலாவையில் ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்திலே யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1863 இல், தமது 48 ஆவது வயதிற் கமராவைக் கையிலெடுத்து, 1879 இல் இலங்கையில் மறைந்தவர். அவர் எடுத்த முகங்கள் கூர்மையாக இல்லையென்று அக்கால விமரிசகர் குறை கூறினர். இன்றோ உலகின் பெரும் நூதனசாலைகள் அப்படங்களைப் பேணிக் காக்கின்றன.

இனி, வில்லை கமராவோடு பொருந்துமா என்பது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிப் பொருத்துவாய் உண்டு. நிக்கோன் 1959 இல் அமைத்ததும் கெனோன் 1987 இல் அமைத்ததும் நெடுங்காலம் வழங்கின. 2018 இல் இரு நிறுவனங்களும் மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற கமராக்களுக்குப் புதிய வாய்களை அமைத்தன. பழைய நிக்கோன் வாய்க்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர் இடைவெளி. புதியதில் 16 மில்லிமீற்றர் மட்டுமே. மிஞ்சும் இடத்தை ஒரு வளையத்தால் நிரப்பிப் பழைய வில்லையைப் புதிய கமராவிற் பூட்டலாம். புதிய வில்லையைப் பழைய கமராவிற் பூட்ட வழியில்லை. வசதியுள்ளோர் புதியவற்றுக்கு மாறியதால் பழைய வாய்க்குரிய நல்ல வில்லைகள் பல விலை இறங்கியுள்ளன. குறைந்த பணம் உடையவருக்கு இது நற்காலமே. ஆயினும் ஒரு பொறி உண்டு. நிக்கோனின் பழைய தானியக்க வில்லைகள் பலவற்றுள் மோட்டர் இல்லை. கமராவினுள் இருக்கும் மோட்டரே அவற்றைத் திருப்பும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் அந்த மோட்டரும் இல்லை. வாங்கிச் சென்றவர் ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே குவியம் பார்க்க நேரிடும். உங்கள் கமராவைக் கையோடு கொண்டுசென்று பூட்டிப் பாராமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

இப்பொழுது பரிசோதனைக்கு வருவோம். நம் நாட்டிலே வில்லையின் முதற் பகைவன் பூஞ்சணம். ஈரப்பதன் 60, 70 வீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத இடத்திற் கண்ணாடியின் மேல் அது படரும். கொழும்பிலும் கரையோரங்களிலும் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. தோல் உறையிலிட்டு அலுமாரியிற் பத்திரமாகப் பூட்டிவைத்தோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு வேறில்லை. ஓயாது வெளியிலே கொண்டு திரிந்த வில்லை, பூட்டிவைத்த வில்லையைவிடச் சுத்தமாக இருப்பதை அடிக்கடி காணலாம்.

சோதிக்கும் முறை இது. வில்லையைக் கமராவிலிருந்து கழற்றித் துவாரத்தை முற்றாகத் திறவுங்கள். ஒரு ரோச் விளக்கை ஒரு பக்கத்திலே சற்றுச் சாய்வாகப் பிடித்து, மறு பக்கத்திலிருந்து நோக்குங்கள். விளக்கை நேரே கண்ணுக்குள் பாய்ச்சிக்கொள்ள வேண்டாம். சில தூசித் துகள்கள் தெரியும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, தூசியில்லாத வில்லை கிடைப்பது அரிது. சிலந்தி வலை போலவோ மரவேர் போலவோ கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அது ஓரத்தில் மட்டும் இருந்து, தொடங்கிய நிலையில் இருந்தால் துடைத்து அகற்றலாம். நாள் சென்றதாயின் அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்திருக்கும். இழையை அகற்றினாலும் வடு போகாது. எல்லாம் ஒரே சீராகப் பால் படிந்ததுபோல் மங்கியிருந்தால் அது வேறு குறை. வெயிலை நோக்கி எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும்.

கீறல்களைப் பற்றி மக்கள் தலைகீழாகப் பயப்படுகின்றனர். முன் கண்ணாடியிலே சிறு கீறல் இருந்தால் விலையைப் பாதியாகக் கேட்பார்கள்; பின் கண்ணாடியைத் திருப்பியும் பாரார்கள். முன்னே உள்ள சிறு கீறல் படத்திற் பெரும்பாலும் தெரியாது. பின்னே உள்ளதே தொல்லை தரும். துவாரத்தின் இதழ்களிலே எண்ணெய் படிந்திருக்கிறதா, அவை சட்டெனச் சுருங்கி விரிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பென்டக்ஸ் ரக்குமார் வில்லைகள் சில மஞ்சளாகத் தோன்றும். அதிற் பயப்பட ஒன்றுமில்லை. தோரியம் என்னும் கதிரியக்க மூலகம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் அவ்வாறு நிறம் மாறுவது இயல்பு. சில வாரங்கள் புற ஊதாக் கதிர் படும்படி வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே விலை. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் பாவித்த மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001 இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். நல்லதையும் பழுதையும் பிரித்தறிய முடியாத சந்தையில் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பார். நல்ல பொருளை உடையவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். ஈற்றிற் பழுதுள்ளவையே எஞ்சும் என்பது அவர் காட்டிய உண்மை. ஆகவே, உள்ளிருப்பதை வெளிப்படையாகக் காட்டுவது விற்பவருக்கே ஆதாயம். விளக்கைப் பிடித்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடமிருந்து வாங்காமல் எழுந்து வருவதே நன்று.

எந்த எண்ணிலிருந்து பேரத்தைத் தொடங்குவது? விளம்பரங்களிற் கேட்கும் விலையிலிருந்து அன்று. விற்று முடிந்த விலையிலிருந்து. நியாயமான விலைக்கு வந்தவை விற்றுப்போகும். மாதக்கணக்காக விளம்பரத்திற் கிடப்பவை விலை கூடியவையே. விற்பவர் தாம் வாங்கிய விலையைச் சொல்வதும் பயனற்றது. 2022 மார்ச்சில் ரூபாவின் மாற்றுவீதம் தளர்த்தப்பட்டபின், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 வரை ஏறியது. 2024 இறுதியில் 300க்குச் சற்றுக் கீழே நின்றது. 200 டொலர் பெறும் வில்லையை எடுத்துக்கொள்வோம். வரிகளை விட்டுப் பார்த்தால், 2021 இல் 40,000 ரூபா. 2022 நடுப்பகுதியில் 72,000. 2024 இறுதியில் 60,000க்குச் சற்றுக் குறைவு. 2021 இல் 40,000க்கு வாங்கியவர் பின்னர் 42,000 கேட்டால் அது கொள்ளை அன்று. 72,000 கொடுத்தவர், தாம் கொடுத்தது அதுதானே என்று 65,000 கேட்டால் யாரும் கொடார். அதே வில்லை இன்று புதிதாக, உத்தரவாதத்துடன் என்ன விலை என்பதே அளவுகோல். குறையில்லாத வில்லைக்கு அதில் ஐந்தில் மூன்று பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கொடுக்கலாமென்பது என் கணிப்பு. பூஞ்சணம் இருந்தாற் சுத்தம் செய்யும் கூலியை முதலில் விசாரித்து, அதன் இருமடங்கைக் கழியுங்கள். சுத்தம் செய்தும் வடு எஞ்சலாமல்லவா? கமராவின் உடலுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. புதிய மாதிரிகள் வரவர அதன் விலை வேகமாக விழும். எத்தனை படங்கள் எடுத்ததென்ற எண்ணிக்கையையும் கேட்க வேண்டும்.

ஈற்றிலே, அந்த அலுமாரிக்கு முன் நிற்கும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். பழையது என்பதனால் மட்டும் ஒரு கமரா பெறுமதியுடையதாகிவிடாது. பெருந்தொகையாகச் செய்யப்பட்ட பெட்டிக் கமராக்களுக்கு இன்றுஞ் சிறு விலையே. லைக்கா, றொலிபிளெக்ஸ் போன்ற பெயர்கள் தென்பட்டால் அவசரப்பட வேண்டாம். ஒரே தரகரின் சொல்லோடு நில்லாது, குறைந்தது இருவரிடமேனும் விலை கேளுங்கள். எதனையும் கழற்றவோ, துணியால் அழுத்தித் துடைக்கவோ வேண்டாம். மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஒரு விலை பேசுபவர், அவற்றுள் ஏதோ ஒன்றைக் கண்டுவிட்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கண்ட குறைகளைத் துண்டொன்றில் எழுதி, பொருளோடு சேர்த்துக் கொடுங்கள். பின்னர் வழக்கு வராது.

அலுமாரியின் கீழ்த்தட்டிலே பெட்டி பெட்டியாக நெகற்றிவ்கள் இருக்கும். அவற்றை வாங்குபவர் அலுமாரியோடு சேர்த்துக் கேட்பார். இல்லையேல் குப்பை என்பார். அவை ஊராரின் திருமணங்கள், பள்ளிக்கூடக் குழுப் படங்கள், பலருக்கு வேறெங்கும் கிடையாத பெற்றோரின் முகங்கள். அவற்றை இந்தப் பேரத்திற் சேர்க்காது வேறாக எடுத்து, காகித உறைகளிலிட்டு, ஈரம் அணுகாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.