தொட்டுவிட்டுப் போகலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில மரபுத்தொடர்களையும் பழமொழிகளையும் புரிந்து கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆங்கில ஆசிரியை இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவள். தவறாகப் புரிந்து கொண்டால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவள் என்ற ஒரே தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

2003-ஆம் ஆண்டு. அப்போது நான் படிவம் இரண்டு மாணவி. தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பள்ளி முடிந்து சீருடையோடு நேராக அங்கே போயிருந்தேன். மருத்துவர் வந்தார். பாட்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என் சீருடையைப் பார்த்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். கடைசியாக அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “இட்ஸ் டச் அண்ட் கோ.”

“பாப்பா, டாக்டர் என்னம்மா சொல்றாரு?” என்று பாட்டி கேட்டார்.

டச் என்றால் தொடுவது. கோ என்றால் போவது. “தொட்டுவிட்டுப் போகலாமாம் பாட்டி” என்றேன்.

மாமா லோரி ஓட்டுபவர். நெடுஞ்சாலைக் கட்டணச் சாவடியில் பயன்படுத்தும் ‘டச் அண்ட் கோ’ அட்டை 1997-இல் அறிமுகமானதிலிருந்து அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். “அட்டையைத் தொட்டா கட்டை திறக்கும், போயிக்கிட்டே இருக்கலாம். அப்பா தாண்டிட்டாரு போலிருக்கு அம்மா” என்றார். பாட்டியின் முகம் மலர்ந்தது. தாத்தாவின் கையைத் தொட்டார். நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. தாத்தா போய்விட்டார். பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை.

அந்தச் சொற்றொடரின் உண்மைப் பொருள் எனக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் பிடித்தன. டிப்ளோமா படிக்கும்போது செய்தி எழுதும் வகுப்பில் அது மறுபடியும் வந்தது. அகராதியைத் திறந்தேன். ‘எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத ஆபத்தான நிலை’ என்று பொருள். தமிழில் நாம் என்ன சொல்வோம்? உயிர் ஊசலாடுகிறது என்போம். இரண்டே சொற்கள். ‘ஊசலாடுதல்’ எனக்குத் தெரியாத சொல்லா? இல்லையே! அதை அன்று சொல்லியிருந்தால் பாட்டி அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரா?

நேயர்களே, நம் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் படிக்கிறோம். மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், பழமொழி என்று வகை பிரித்துக் கற்கிறோம். ‘கை கொடுத்தல்’ என்றால் உதவுவது என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மலாயிலும் நாம் ஏமாறுவதில்லை. ஒருவர் ‘காக்கி ஆயாம்’ என்றால் அவருக்குக் கோழிக்கால் முளைத்திருக்கிறது என்று யாராவது நினைக்கிறோமா? செருப்பில்லாமல் நடக்கிறார் என்று உடனே புரிகிறது. ஆங்கிலம் என்று வந்தால் மட்டும் சொல்லுக்குச் சொல் பெயர்க்க ஆரம்பித்து விடுகிறோம். எழுத்துக்கூட்டத் தெரிந்ததாலேயே பொருளும் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

ஆங்கிலத் தொடர்களை நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு.

முதல் வகையில் படமும் ஒன்று, பொருளும் ஒன்று. ‘முதலைக் கண்ணீர்’ ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் உண்டு, மலாயிலும் உண்டு. இதில் தொல்லையே இல்லை.

இரண்டாம் வகையில் பொருள் ஒன்று, படம் வேறு. ‘நியூகாசலுக்கு நிலக்கரி கொண்டு போவது’ என்பார்கள். நியூகாசல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நகரம். அங்கிருந்துதான் லண்டனுக்கே கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. அந்த ஊருக்கே நிலக்கரி விற்கப் போனால் எப்படி? நாம் அதைத்தான் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்கிறோம். ‘நீல நிலா வரும்போது ஒருமுறை’ என்று அவர்கள் சொல்வது நமக்கு ‘அத்தி பூத்தாற்போல’. இந்த வகை கேட்கவே சுவையாக இருக்கும். பிள்ளைகளோடு வீட்டில் ஒரு விளையாட்டாகவே தேடலாம்.

மூன்றாம் வகையில்தான் ஆபத்து இருக்கிறது. படம் நமக்குப் பழக்கமானது, பொருளோ வேறு. ‘வெள்ளை யானை’ என்றால் நம் நினைவுக்கு இந்திரனின் ஐராவதம் வரும். ஆங்கிலத்திலோ அது பணத்தை விழுங்கிவிட்டுப் பயன்படாமல் கிடக்கும் திட்டம். சயாம் மன்னர் தமக்குப் பிடிக்காத அதிகாரிக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். புனித விலங்காதலால் அதை வேலை வாங்க முடியாது. தீனி போட்டே அந்த மனிதர் ஓட்டாண்டி ஆகிவிடுவாராம். அந்தச் சொல்லுக்குச் சொல்லப்படும் கதை இது.

உப்பையும் பாருங்கள். நமக்கு உப்பு என்றால் நன்றி, ரோஷம். ‘உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?’ என்று கேட்டால் சுருக்கென்று தைக்கும். ஆங்கிலத்தில் ‘அவர் பேச்சை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்’ என்றால், அதை அப்படியே நம்பிவிடாதே என்று எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையைப் பாராட்டு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டால் இழப்பு யாருக்கு?

பழமொழிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொற்களுக்கு வயதாகிவிடும். ‘புடிங்கின் புரூஃப் சாப்பிடுவதில் இருக்கிறது’ என்ற பழமொழியைச் சான்று என்று பெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சோதனை என்றும் பொருள் உண்டு. பலகாரத்தின் அருமையை வாயில் போட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்பதே கருத்து.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே இதில் தகராறு வருவதுண்டு. கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்யலாம் என்றால், பிரிட்டிஷ் வழக்கில் இப்போதே விவாதிப்போம் என்று பொருள். அமெரிக்க வழக்கில் தள்ளி வைப்போம் என்று பொருள். அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும்போது, நாம் கேட்பதில் என்ன வெட்கம்?

ஆகவே, சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அந்த இடத்துக்குப் பொருந்தாமல் நெருடினால் அங்கேயே நில்லுங்கள். அது மரபுத்தொடராக இருக்கலாம். மருத்துவமனையிலோ வங்கியிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ, “எனக்குப் புரியவில்லை, எளிய சொற்களில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அன்று நான், “தாத்தா தேறி வருகிறாரா, மோசமாகிறாரா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஆங்கிலம் தெரியாதவள் என்று நினைப்பாரோ என்ற கூச்சம் வாயை அடைத்துவிட்டது.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது என்பதற்காக உயிர் விஷயத்தையும் பண விஷயத்தையும் அதன் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தாதியிடம் மலாயிலோ தமிழிலோ இன்னொரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.

பாட்டி இப்போது இல்லை. “நல்லவேளை, டாக்டர் சொன்னபடி கையைத் தொட்டுட்டு வந்தேன்” என்று கடைசிவரை சொல்லிக் கொண்டிருந்தார். அந்தச் சொல்லின் பொருளை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இன்றுதான் முதன்முறையாக உங்கள் முன்னால் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பாரம் வேண்டாம். புரியாததைக் கேட்கப் பழக்குங்கள்.