இரத்தம் ஊமையாயிருக்கும் காலம்

 

கருப்பை வாய்ப் புற்றுநோயை இரத்தப் பரிசோதனையால் அறிய முடியுமா என்று தாய்மார்கள் வினவுகின்றனர். உடலைக் காட்ட நாணும் பெண்ணுக்கு அது பெரும் ஆறுதல் அன்றோ? ஆயினும் அதை நம்பிக் காத்திருத்தல் உயிருக்கே கேடாகலாம். ஆதலால் அச்சோதனையின் உண்மை நிலையை விளக்க விழைகிறேன்.

உயிரணுக்கள் மடியும்போது அவற்றின் டி.என்.ஏ. சிறு துண்டுகளாகச் சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது. மாண்டல், மெத்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1948ஆம் ஆண்டிலேயே இரத்தத்தில் இத்தகைய பொருளைக் கண்டனர். புற்றுக் கட்டியும் இவ்வாறே தன் சுவட்டை விடுகிறது. கருப்பை வாய்ப் புற்றில் ஒரு தனி வசதி உண்டு. அதனை ஏறத்தாழ எப்போதும் உண்டாக்குவது பாப்பிலோமா வைரசு. அவ்வைரசின் 16ஆம் வகையை 1983இல் ஹெரால்டு சூர் ஹவுசன் குழுவினர் கண்டறிந்தனர். 2008இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கட்டியின் உயிரணுக்களில் வைரசின் டி.என்.ஏ.யும் இருப்பதால், இரத்தத்தில் அதைத் தனியே இனங்காண முடிகிறது.

முற்றிய நோயில் இச்சுவடு பெரும்பாலும் தென்படுகிறது. இரத்தத்தில் கலந்த துண்டுகள் விரைவில் அழிந்துபோவன. ஆகவே சிகிச்சை முடிந்து நெடுநாளான பின்னும் அவை காணப்படின், நோய் எஞ்சியுள்ளது என்றோ திரும்புகிறது என்றோ ஐயுறலாம். மருத்துவர்க்கு இது நல்ல துணை.

தொடக்க நிலையிலோ செய்தி வேறு. புற்றாக முதிருமுன் கருப்பை வாயின் மேற்படலத்தில் மட்டுமே மாற்றம் நிகழ்கிறது. அப்படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. சுவடு இரத்தத்தை எங்ஙனம் சென்றடையும்? அந்நிலை பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலும் நீடிக்கும். நோயைத் தடுத்துவிடக்கூடிய காலம் அதுவே. இரத்தம் ஊமையாயிருக்கும் காலமும் அதுவே.

அப்போது பயன்படுவது நேரடிப் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையுள்ள ஏறத்தாழ 31,000 பெண்களைச் சோதித்தனர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்திட்டுத் தோன்றுகிறதா என்று பார்ப்பதே சோதனை. தேவைப்பட்டோர்க்கு உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. ஒப்பிடப்பட்ட ஊர்களைவிட இந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. (ஒப்பிடுவதற்கென விடப்பட்ட ஊர்களின் பெண்களுக்கு அச்சோதனை நடத்தப்படவில்லை. அது முறையா என்று பின்னர் வினா எழுந்தது, எழவேண்டிய வினாவே.)

கூலி இழப்புக்கும், மருத்துவமனையில் தம்மை நடத்தும் முறைக்கும் அஞ்சி நம் பெண்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் பழிப்பதில் பொருளில்லை. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வைரசுச் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு நெறிமுறையில் ஏற்றுள்ளது. 30 வயது தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். இக்கழகத்தில் பயின்று செவிலியரான சகோதரிகள் இதனை நம் குடியிருப்புகளில் வீடு வீடாக எடுத்துரைக்க வேண்டுகிறேன். மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டாலோ, உடலுறவுக்குப் பின் உதிரம் கண்டாலோ, சோதனை முகாம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுமாறும் அவர்கள் சொல்லுதல் வேண்டும்.