நாசரேத்தில் ஒரு வீடு
(திருக்குடும்பப் பெருவிழா – வானொலி மறையுரை. நற்செய்தி வாசகம்: மத்தேயு 2:13-15, 19-23)



இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் குடும்பம் என்னைத் தேடி வந்தது. மனைவி செவிலியர், கணவர் பொறியாளர். இரண்டு பிள்ளைகள். கூடவே கணவரின் அம்மாவும் வந்திருந்தார். ஆஸ்திரேலியா போவது என்று முடிவாகிவிட்டது. எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் வீட்டில் சச்சரவு.

அந்த நாட்டில் 491 என்றொரு விசா உண்டு. 2019 நவம்பரில் வந்தது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்யச் சம்மதிப்பவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்குத் தருவது. தேர்வுக்கான மதிப்பெண்ணில் 15 புள்ளிகள் கூடும். மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்து, சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால், நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அந்த வழியில் ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் அந்தச் சகோதரிக்கு வேலை கிடைக்க வாய்ப்பிருந்தது.

கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "சாமி, மெல்போர்ன்ல என் சித்தப்பா மகன் இருக்கான். தமிழ்க் கடை இருக்கு, தமிழ்ப் பூசை இருக்கு. அதை விட்டுட்டு எதுக்கு ஒரு மூலைக்குப் போகணும்?" என்றார். அவருடைய அம்மாவோ, "ஒரு பட்டிக்காட்டுல இருந்து பிளேன் ஏறி இன்னொரு பட்டிக்காட்டுக்கா போவாக?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் ஊரின் அளவைப் பற்றியது மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியில் புனித யோசேப்பும் இதே இடத்தில்தான் நிற்கிறார். ஏரோது இறந்துவிட்டான். எகிப்திலிருந்து குழந்தையோடும் தாயோடும் திரும்புகிறார். யூதேயாவுக்குப் போகத்தான் அவர் எண்ணியிருக்க வேண்டும். அங்கே எருசலேம் இருக்கிறது, கோவில் இருக்கிறது, தாவீதின் ஊரான பெத்லகேம் இருக்கிறது. மெசியாவை வளர்க்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆனால் அங்கே ஏரோதின் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு யோசேப்பு அஞ்சினார். அந்த அச்சம் வீண் அச்சம் அல்ல. அர்க்கெலாவின் ஆட்சியைப் பொறுக்க முடியாமல் மக்களே முறையிட, கி.பி. 6-இல் உரோமை அரசே அவனைப் பதவியிலிருந்து நீக்கியது என்று வரலாறு சொல்கிறது.

ஆகவே யோசேப்பு வடக்கே கலிலேயாவுக்குத் திரும்பி, நாசரேத்தில் குடியேறினார். பழைய ஏற்பாட்டில் எங்குமே பெயர் வராத ஊர் அது. அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று பின்னாளில் நத்தனியேல் கேட்கும் அளவுக்குச் சிற்றூர். தம் பெருமைக்கு எந்த ஊர் ஏற்றது என்று யோசேப்பு பார்க்கவில்லை. குழந்தை உயிரோடு வளரவும், தாய் அச்சமின்றித் தூங்கவும், தம் கைத்தொழிலால் அடுப்பு எரியவும் ஏற்ற ஊர் எது என்று பார்த்தார்.

சிறிய ஊரில் அப்படி என்ன இருக்கிறது? நம் காலத்தில், நம் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து உள்நாட்டில் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, பிலோவீலா என்றோர் ஊர் இருக்கிறது. ஆறாயிரம் பேர்கூட இல்லை. அந்த வட்டாரத்துக்கு 'பனானா' என்றே பெயர். வாழைத்தார் ஏற்றி இறக்கியே பழகிய நமக்கு அது சொந்த ஊர் போலத் தோன்றும். ஆனால் அங்கே வாழைக்காகப் பெயர் வைக்கவில்லை. பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருந்த ஒரு காளை மாட்டை அந்தக் காலத்தில் 'பனானா' என்று கூப்பிட்டார்களாம். அதன் பெயரே நிலைத்துவிட்டது.

இலங்கையிலிருந்து 2012-இலும் 2013-இலும் தனித்தனியே படகில் வந்து தஞ்சம் கேட்ட நடேசலிங்கமும் பிரியாவும், 2014-இல் திருமணம் செய்துகொண்டு அந்த ஊரில் குடியேறினார்கள். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் வின்சென்ட் தே பவுல் சபையில் தொண்டு செய்தார். நம் பங்கிலும் இருக்கிற அதே சபைதான். பிரியா வீட்டில் சமைத்த கறியை உள்ளூர் மருத்துவமனையில் இருந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு பெண் குழந்தைகள் அங்கேயே பிறந்தார்கள்.

2018 மார்ச் 5, விடியற்காலை. அதிகாரிகள் வந்து குடும்பத்தையே அழைத்துச் சென்று, மெல்போர்னில் தடுப்புக் காவலில் வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றினார்கள். நீதிமன்றத் தடையால் அந்த விமானம் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2021 ஜூனில் இளைய குழந்தை கடுமையாக நோயுற்று, பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இத்தனை காலமும் அந்தச் சிறிய ஊர் சும்மா இருக்கவில்லை. "இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கையெழுத்து வாங்கினார்கள், வழக்குக்குத் துணை நின்றார்கள், ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசியல் பேசிப் பழகியவர்கள் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் விடவில்லை. ஆட்சி மாறிய பின், 2022 ஜூன் மாதம் அந்தக் குடும்பம் பிலோவீலா திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது.

இந்தப் போராட்டத்தில் பெருநகரத்து மக்களும் சேர்ந்தார்கள். ஆனால் தொடங்கி வைத்தது அந்த ஊர். ஏன்? அந்த ஊருக்கு அவர்கள் 'அகதிகள்' அல்லர். கறி கொண்டுவரும் பிரியா, கூட வேலை பார்க்கும் நடேசலிங்கம். பெயர் தெரிந்தவர்களைக் காணோம் என்றால், தேடாமல் இருக்க முடியாது.

சகோதர சகோதரிகளே, சிறிய ஊர் என்றாலே நல்ல ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நற்செய்தியே என்னை மறுக்கும். இயேசுவைத் தச்சர் மகன் என்று ஏளனமாகப் பேசியதும், மலை உச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்ததும் இதே நாசரேத்துதான். ஊர்க் கண்ணும் ஊர் வாயும் என்ன செய்யும் என்று நமக்கும் தெரியும். பேருந்து இல்லாத ஊர், பெரிய மருத்துவர் தொலைவில் இருக்கும் ஊர், திருப்பலிக்குக் காத்திருக்க வேண்டிய ஊர். இவையெல்லாம் பாரம்தான்.

அதனால் அந்தக் குடும்பத்திடம் எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்டேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகளோடு உண்ண ஒரு வேளையாவது மிஞ்சுவது எந்த ஊரில்? நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடு எங்கே அமையும்? அதே நேரத்தில் உங்கள் கதவை யாராவது தட்டினால், திறக்க உங்களுக்கு மனமும் நேரமும் எங்கே இருக்கும்? பேசிப் பார்த்து, அவர்கள் சிறிய ஊருக்கே போனார்கள்.

சென்ற மாதம் அந்தச் சகோதரி தொலைபேசியில் பேசினார். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் திருப்பலி. கணவருக்குப் படிப்புக்கேற்ற வேலை இன்னும் அமையவில்லை. அதைச் சொல்லும்போது குரல் தளர்ந்தது. பிறகு சொன்னார்: "சாமி, அவர் நேர்முகத் தேர்வுக்கு வெளியூர் போயிருந்தாரு. எனக்கு இரவு வேலை. பையனுக்குத் திடீர்னு காய்ச்சல். பக்கத்து வீட்டு அம்மா வந்து விடிய விடிய அவன் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எங்க அத்தைகிட்ட போன்ல சொன்னேன். அத்தை அழுதாங்க. ஆனா இது வேற அழுகை."

நேயர்களே, போகிறவர்களுக்கு இதுவரை பேசிவிட்டேன். இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று கற்பித்தார். அந்தத் திருக்குடும்பம் நம் ஊருக்கும் வருகிறது. நம் தேனி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வடமாநிலப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? நாளை அவர்களைக் காணோம் என்றால், எங்கே என்று கேட்க நம் தெருவில் ஒருவர் இருப்பாரா? நம் மகள் கடல் கடந்து எந்த அண்டை வீட்டாரை நம்பிப் போயிருக்கிறாளோ, அந்த அண்டை வீட்டாராக நாம் இங்கே இருக்க வேண்டாமா?

இந்த வாரம் ஒரு பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஒரு குடும்பத்தையாவது நம் வீட்டுக்கு உணவுக்கு அழைப்போம்.

செபிப்போம். நாசரேத்தில் வீடு கண்ட திருக்குடும்பமே, பிழைப்புத் தேடித் தொலைதூரம் சென்றுள்ள எம் பிள்ளைகளுக்கு நல்ல அயலாரைத் தந்தருளும். எம்மை நம்பி வந்துள்ளவர்களுக்கு எம்மை நல்ல அயலாராக்கும். பிரிந்திருக்கும் பெற்றோரின் கண்ணீரை ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.