அணை போனது, ஆறு இருக்கிறது

 

இன்றைய பேச்சு ஆற்றைப் பற்றியது. ஆற்றங்கரையில் இருக்கும் ஊரைப் பற்றியது.

கரமனையில் அக்கிரகாரத் தெருக்கள் உண்டு. பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அருகிலேயே ஆறு ஓடுகிறது. அகத்திய மலைப் பக்கம் செம்முஞ்சி மொட்டையில் பிறந்து, சுமார் 68 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிறது. ஒரு காலத்தில் ஆற்றங்கடவுதான் ஊருக்கு நடுவிடம். குளியல் அங்கே. துணி துவைப்பதும் அங்கே. கல்யாணப் பேச்சும், ஊர் வழக்கும் அந்தப் படிகளில்தான்.

வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அது நல்லதுதான். ஆனால் படித்துறைக்குப் போவோர் குறைந்தார்கள். பார்ப்பார் இல்லாத கரையில் குப்பை சேர்ந்தது.

இதே ஆற்றில் கலக்கும் சிறிய ஆறு ஒன்று உண்டு. அதன் பெயர் கிள்ளியாறு. அதன் கதையைக் கேளுங்கள்.

18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்டார். அவர் காலத்தில் கிள்ளியாற்றின் குறுக்கே மருதன்குழியில் ஓர் அணை கட்டினார்கள். அங்கிருந்து கொச்சாறு என்னும் கால்வாய் வெட்டினார்கள். அந்த நீர் கோட்டைக்குள் வந்தது. பத்மதீர்த்தம், மித்ரானந்தபுரம் ஆகிய குளங்களை நிரப்பியது. ஓர் அணை, ஒரு கால்வாய், பல குளங்கள். ஒன்றை நம்பி ஒன்று இருந்தது.

பிற்காலத்தில் அணை சிதைந்தது. கொச்சாற்றில் நீரோட்டம் நின்றது. ஓடாத கால்வாய் யாருக்கு வேண்டும்? சில இடங்களில் அது சாக்கடை ஆனது. சில இடங்களில் அதன் மேலேயே ஆக்கிரமிப்பு வந்தது. ஓடி வரும் நீர் இல்லாமல் குளங்கள் பாசி பிடித்தன. அவற்றைத் துப்புரவு செய்வது பற்றி 2014-ல் உச்ச நீதிமன்றம் வரை பேச்சு எழுந்தது.

கவனியுங்கள். அணை ஒரு பக்கம் போனது. அதன் பிறகு குளக்கரையின் உயிரும் குறைந்தது. அப்படியானால் பழைய அணையைத் திரும்பக் கட்டினால் போதுமா? இதற்கு வேறொரு நாட்டின் அனுபவம் உதவும்.

அமெரிக்காவில் மெயின் என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் அகஸ்டா, ஒரு சிறிய ஊர். அங்கே கென்னபெக் என்னும் ஆறு ஓடுகிறது. 1837-ல் அதன் குறுக்கே எட்வர்ட்ஸ் அணையைக் கட்டினார்கள். உயரம் 24 அடி. அணை நீரின் விசையில் ஆலைகள் ஓடின. ஆலைகளை நம்பி ஊர் வளர்ந்தது. ஆனால் ஆற்றுக்கு ஒரு நஷ்டம் வந்தது. கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்களுக்கு வழி அடைபட்டது.

காலம் மாறியது. பஞ்சாலை மூடிவிட்டது. அணை கொஞ்சம் மின்சாரம் மட்டும் கொடுத்தது. 1997-ல் அந்நாட்டு அரசு ஆணையம் அணையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அணையை அகற்றச் சொன்னது. 1999 ஜூலை 1 அன்று, 162 ஆண்டு பழைய அணையை மக்கள் முன்னிலையில் உடைத்தார்கள்.

அணை போனதும் ஊர் செத்துவிட்டதா? இல்லை. மீன்கள் லட்சக்கணக்கில் ஆற்றுக்குத் திரும்பின. மீனைத் தேடிப் பறவைகள் வந்தன. ஆலை இருந்த இடத்தை ஊருக்குப் பொதுவான பூங்கா ஆக்கினார்கள். அங்கே விவசாயிகள் சந்தை கூடுகிறது. முன்பு கூலி வேலைக்கு வந்த இடத்துக்கு, இன்று மக்கள் காய்கறி வாங்கவும் காற்று வாங்கவும் வருகிறார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அணை போனது. அகஸ்டாவில் அணை போன பிறகு என்ன செய்வது என்று யோசித்தார்கள். ஆற்றங்கரையைப் பொது இடமாக வைத்துக்கொண்டார்கள். கொச்சாற்றில் அந்த யோசனை காலத்தில் நடக்கவில்லை. அணை வேண்டுமா, வேண்டாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். நீர் ஓடும் வழியும், மக்கள் கூடும் கரையும் எல்லா இடத்திலும் வேண்டும்.

நீர் வழியை அடைத்தால் என்ன ஆகும்? 2023 அக்டோபரில் ஒரே இரவில் பெய்த மழையில் திருவனந்தபுரத்தின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அரிசியும் துணியும் பிள்ளைகளின் புத்தகங்களும் நனைந்தால், அந்த நஷ்டம் ஏழைக்குத்தான் பெரிது.

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001-ல் சட்டம் செய்தது. 2016-ல் ஹரித கேரளம் இயக்கம் தொடங்கியது. 2018-ல் கிள்ளியாற்றைச் சுத்தம் செய்ய மக்கள் திரளாக இறங்கினார்கள். ஆனால் ஒரு நாள் சுத்தம் செய்தால் போதாது. வீட்டை ஒரு நாள் பெருக்கிவிட்டு ஆண்டு முழுவதும் விட்டுவிடுவதில்லையே!

கரமனையில் என்ன செய்யலாம்? ஒவ்வொரு தெருவும் ஒரு படித்துறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் குப்பையும் கழிவு நீரும் ஆற்றில் சேராமல் பார்க்கலாம். பழைய நீர் வழிகள் எங்கே இருந்தன என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். எழுதப் படித்தவர்கள் வார்டு சபையில் மனு கொடுக்கலாம். மனுவுக்கு என்ன பதில் என்று கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மாலையில் பெரியவர்கள் உட்கார, பிள்ளைகள் விளையாடக் கரையில் கொஞ்சம் இடம் ஒதுக்கச் சொல்லலாம். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் குப்பை கொட்ட யாரும் தயங்குவார்கள்.

1991-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா என்னும் மூதாட்டி. முதிய வயதில் எழுத்துக் கற்றவர். பல்லாயிரம் தொண்டர்கள் வீடு வீடாகப் போனதால் அது முடிந்தது. எழுத்துக்காக அப்படிச் செய்த மக்கள், ஆற்றுக்காகவும் செய்ய முடியும்.

கர்க்கடக வாவு அன்று திருவல்லத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி முன்னோருக்குப் பலி இடுகிறார்கள். முன்னோருக்கு நீர் விட ஆறு வேண்டும். பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் அந்த ஆறு வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.